மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவும் பத்து நொடி லோகோவும்: ஒரு யோசனை கேட்கிறேன்

#1 கன்னங்குறிச்சி_கேமரா

வணக்கம். நானும் நண்பர்களும் சேலத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறோம், இடையிடையே குறும்படமும் எடுக்கிறோம். அடுத்த படத்துக்கு முன்னால் போட எங்களுக்கென்று ஒரு லோகோ வேண்டும், பத்து நொடிக்குள். எடிட்டர் ஒரு டெம்ப்ளேட் வாங்கிவந்தான். பொன் துகள் பறக்கிறது, இருட்டிலிருந்து எழுத்து சுழன்று வருகிறது, கடைசியில் 'டம்' என்று ஒரு சத்தம். அதே சாமானை யூடியூபில் ஊரே வைத்திருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று அவனுக்கு விளக்கவும் வரவில்லை.

இன்னொரு நண்பன், ஏற்காடு ரோட்டில் இருக்கும் பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் வாசல் வளைவை 3டியில் செய்து, பின்னால் சேர்வராயன் மலையை வைத்துவிடலாம் என்கிறான். அது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஏதோ உறுத்துகிறது. பழைய ஸ்டுடியோக்கள் எல்லாம் லோகோவை எப்படி யோசித்தார்கள், கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எப்படி எடுத்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஃபிரேம்24

மோஷன் கிராஃபிக்ஸ்தான் என் பிழைப்பு, அதனால் எடுத்த விதத்தைச் சொல்கிறேன்.

எல்லாரும் காப்பியடிக்கும் ஹாலிவுட் ஃபாக்ஸ் கம்பெனி லோகோவிலிருந்து ஆரம்பிப்போம். 1933-ல் ட்வென்டியத் செஞ்சுரி பிக்சர்ஸுக்காக எமில் கோசா ஜூனியர் என்ற ஓவியர் செய்தது அது. மலை போல நிற்கும் எழுத்து, சுற்றிலும் வானத்தைத் துழாவும் விளக்குகள். பார்த்தால் பெரிய செட் போட்டு எடுத்தது போலிருக்கும். அத்தனையும் பல அடுக்குக் கண்ணாடியில் தீட்டிய ஓவியம். 1935-ல் அந்தக் கம்பெனி ஃபாக்ஸோடு இணைந்தபோது எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். ஆல்ஃபிரட் நியூமனின் இசையும் 1933-லேயே வந்துவிட்டது. 1950களில் சினிமாஸ்கோப் வந்ததும், அகலத் திரை விரிவதை அறிவிக்க அந்த இசைக்கு ஒரு வால் சேர்த்தார்கள். நாம் இன்று மனத்தில் வைத்திருப்பது வாலோடு சேர்ந்த இசை. நடுவில் அது ஏறக்குறைய வழக்கொழிந்து போயிருந்தது. 1977-ல் ஜார்ஜ் லூகாஸ் தன் ஸ்டார் வார்ஸ் படத்துக்கு அதைக் கேட்டு வாங்கிப் போட்ட பிறகுதான் மறுவாழ்வு. 2020-ல் டிஸ்னி 'ஃபாக்ஸ்' என்ற பெயரையே எடுத்துவிட்டது, விளக்கையும் இசையையும் தொடவில்லை. கம்பெனியின் பெயர் போனாலும் பரவாயில்லை, அந்த வெளிச்சமும் பித்தளை வாத்தியச் சத்தமும் போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

இதில் நமக்கான விஷயம்: அந்தக் காலத்தில் புதிதாகக் கையில் வந்த கருவி எதுவோ, அதைக் காட்டிக்கொள்ளத்தான் லோகோவை எடுத்தார்கள். ஆர்கேஓ 1928-ல் உருவான ஹாலிவுட் கம்பெனி, அதன் பின்னால் இருந்தது ரேடியோ கம்பெனி. அதனால் உலக உருண்டைமேல் ஒரு ஒலிபரப்புக் கோபுரம், மின்னல், தந்தியடிக்கிற மோர்ஸ் சத்தம். பேசும்படம் புதுசு, ஒலிதான் அவர்கள் சரக்கு. உங்கள் எடிட்டர் டெம்ப்ளேட்டில் எந்தச் சரக்கும் இல்லை. அதனால்தான் பிடிக்கவில்லை.

#3 மாம்பழம்

ஃபிரேம்24 சார், ரொம்பத் தூக்கி வைக்கிறீர்கள். பாரமவுண்ட் லோகோவில் வரும் மலை என்ன கருவியைக் காட்டுகிறது? 1914-ல் அந்தக் கம்பெனியைத் தொடங்கிய ஹாட்கின்சன், தான் முன்பு வாழ்ந்த யூட்டா மாநிலத்து மலையை நினைத்துக் கிறுக்கிய படம் என்று சொல்வார்கள். சுற்றி 24 நட்சத்திரம், கம்பெனியில் ஒப்பந்தமாகியிருந்த நடிகர் நடிகையர் கணக்கு. மலை, நட்சத்திரம், அவ்வளவுதான். நமக்கும் வாசலிலேயே மலை இருக்கிறது. வைத்துவிட்டுப் போகட்டுமே.

எம்ஜிஎம் சிங்கமும் அப்படித்தான். ஹோவர்ட் டீட்ஸ் 1916-ல் கோல்ட்வின் பிக்சர்ஸுக்கு வரைந்தது. தான் படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சின்னம் சிங்கம் என்பதால் அதையே போட்டார். 1924-ல் எம்ஜிஎம் உருவானதும் கூடவே வந்துவிட்டது. பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது.

#4 ஃபிரேம்24

சிங்கத்தைச் சொன்னீர்களே, அதிலேயே என் பக்கம் ஆதாரம் இருக்கிறது. 1924-லிருந்து வந்த முதல் சிங்கத்துக்குக் குரலே கிடையாது, மௌனப்படம். ஜாக்கி என்ற அடுத்த சிங்கம் 1928-ல்தான் உறுமியது, அதுவும் கிராமஃபோன் தட்டில் பதித்து ஓட்டியது. அதற்கப்புறம் வேறு சிங்கங்கள் வந்து போய், 1957-லிருந்து லியோ. 1980களில் ஒலிப்பதிவாளர் மார்க் மாங்கினி அந்த உறுமலைப் புதிதாகச் செய்தபோது புலியின் சத்தத்தைச் சேர்த்தார். சிங்கம் வாயைத் திறக்கிறது, கேட்பது புலி.

இங்கிலாந்தின் ராங்க் கம்பெனிப் படங்களில் ஒருவர் உடம்பில் எண்ணெய் மினுமினுக்க ராட்சத சேகண்டியை அடிப்பார், நினைவிருக்கிறதா? அந்தச் சேகண்டி காகிதக்கூழும் பிளாஸ்டரும். அடித்தால் 'பொத்' என்றுதான் கேட்கும். ஜேம்ஸ் பிளேட்ஸ் என்ற தாளக் கலைஞர் வேறொரு அசல் வாத்தியத்தைத் தனியாக வாசித்துச் சேர்த்தார்.

சத்தத்தை முதலில் முடிவு செய்யுங்கள். படம் அதற்குப் பின்னால் வரட்டும்.

#5 குகை_ஆபரேட்டர்

தம்பிகளா, நான் சேலத்தில் ஆபரேட்டராக இருந்து ரிடையர் ஆனவன். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிந்த காலம். எல்லாரும் எடுத்த விதத்தைப் பேசுகிறீர்கள், நான் ஓட்டிய விதத்தைச் சொல்கிறேன்.

ஒரு பிரிண்டில் ரொம்ப அடிபடுவது ரீலின் தலையும் வாலும். புரொஜெக்டரில் ஏற்றும்போது கை படுவது அங்கே, தரையில் உரசுவது அங்கே, ஃபிலிமை இழுக்கும் பல்சக்கரத்தில் கிழிவது அங்கே. கிழிந்தால் வெட்டி ஒட்டுவோம். ஊர் ஊராகப் போகிற பிரிண்ட், ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் போகும். முதல் ரீலின் தலையில் என்ன இருக்கும்? சென்சார் சர்டிபிகேட், அதை அடுத்து கம்பெனி லோகோ. சர்டிபிகேட் காட்டியே ஆகவேண்டும், அதனால் அதை எப்படியாவது காப்பாற்றுவோம். லோகோவைக் காப்பாற்ற எந்தச் சட்டமும் இல்லை. சி சென்டருக்கு, அதாவது சின்ன ஊர்த் தியேட்டருக்கு வந்து சேரும்போது, ஜெமினி லோகோவில் வரும் இரட்டைப் பையன்கள் ஊதலை வாயில் வைப்பதற்குள் டைட்டில் வந்துவிடும். ஜனங்கள் விசில் அடிப்பார்கள்.

அப்புறம் டிவி வந்தது. நேரம் மிச்சம் பிடிக்க லோகோவைத்தான் முதலில் வெட்டினார்கள். இப்போது யூடியூபில் போடுகிறவர்கள் பழைய லோகோவை எடுத்துவிட்டு, தங்கள் சேனல் லோகோவைப் போட்டுக்கொள்கிறார்கள். நான்குக்கு மூன்று படத்தை அகலத்துக்கு இழுத்து, மேலும் கீழும் வேறு அறுத்துவிடுகிறார்கள். நம்ம ஊரில் யாரைக் கேட்டாலும் மாடர்ன் தியேட்டர்ஸ் என்றால் வளைவைச் சொல்வார்கள். படத்தின் தலையில் என்ன வந்தது என்று சொல்ல என் வயசுக்காரர்கள் மிச்சம் இருந்தால்தான் உண்டு.

#6 பழையபடம்_பைத்தியம்

ஆபரேட்டர் ஐயா சொன்னதை அப்படியே சட்டம் போட்டு மாட்டலாம்.

நான் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். ஸ்டுடியோ லோகோவும் தயாரிப்பாளர் லோகோவும் ஒன்றல்ல. இன்று வருகிற பெரும்பாலானவை பணம் போட்டவரின் பெயர்ப்பலகை. அன்றைய ஸ்டுடியோ என்பது ஒரு விலாசம். தளம், லேப், ஒலிப்பதிவுக் கூடம், மாதச் சம்பளத்தில் ஆட்கள். லோகோ அந்த இடத்துக்கான முத்திரை.

நம் ஊர்க் கதையையே பாருங்கள். டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர், நூல் வியாபாரக் குடும்பம், இங்கிலாந்தில் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். தொடக்கத்தில் ஏஞ்சல் ஃபிலிம்ஸ் கூட்டில் சேர்ந்து படம் எடுத்தார். தமிழ்ப் படம் எடுக்க கல்கத்தா, பம்பாய் என்று போகவேண்டியிருந்த காலம் அது. நடிகர், சமையல்காரர், பெட்டி படுக்கை எல்லாம் ரயிலில் போகவேண்டும். இது எதற்கு என்று ஊரிலேயே ஏற்காடு அடிவாரத்தில் ஸ்டுடியோ போட்டார். 1937-ல் 'சதி அகல்யா' வந்தது. 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' இங்கிருந்து போனது. 1940-ல் 'உத்தமபுத்திரன்', சின்னப்பா இரட்டை வேடம். 1950-ல் 'மந்திரி குமாரி', வசனம் கருணாநிதி. 1952-ல் 'தி ஜங்கிள்' என்று அமெரிக்கர்களோடு சேர்ந்து ஒரு இங்கிலீஷ் படம். 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், கேவாகலர் என்ற வண்ண ஃபிலிமில். 1961-ல் 'கண்டம் பெச்ச கோட்டு', மலையாளத்தின் முதல் வண்ணப்படம். இத்தனையும் சென்னையில் நடக்கவில்லை, அஸ்தம்பட்டியைத் தாண்டிப் போகிற அந்த ரோட்டில் நடந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் பெயர் திரையில் வந்தால், பார்க்கிறவனுக்கு அது சேலம் என்று தெரியும்.

புனேயில் பிரபாத்தும் அப்படித்தான். 1929-ல் கோலாப்பூரில் தொடங்கி, 1933-ல் புனேக்கு மாறியது. லோகோவில் ஒரு பெண் வளைந்து நின்று நீண்ட கொம்பு வாத்தியம் ஊதுவாள். தமிழ் 'சீதா கல்யாணம்' (1934) அங்கே எடுத்ததுதான். அந்த இடத்தில் இன்று திரைப்படக் கல்லூரி நடக்கிறது. ஜெமினி போய் மேம்பாலத்துக்குப் பெயர் நின்றது. விஜயா வாகினி இருந்த இடத்தில் மாலும் ஆஸ்பத்திரியும். ஏவிஎம் வாசலில் உருண்டை சுற்றுகிறது. நமக்கு வளைவு.

#7 மாம்பழம்

குகை பக்கத்தில் பிரபாத் என்று பஸ் ஸ்டாப்பே இருக்கிறது, அங்கே யார் கொம்பு ஊதுகிறார்கள்? :)

சரி, ஒரு கேள்வி. இடம்தான் லோகோ என்றால் எம்ஜிஆர் பிக்சர்ஸை என்ன செய்வீர்கள்? சொந்தத் தளம் எதுவும் கிடையாது. 'நாடோடி மன்னன்' (1958) தொடக்கத்தில் ஒரு ஆணும் பெண்ணும் கட்சிக் கொடியை ஏந்தி நிற்பார்கள். தியேட்டர் கிழிந்துபோகும். கட்டடமா கைதட்டல் வாங்கியது?

#8 பழையபடம்_பைத்தியம்

நல்ல கேள்வி. அந்த ஆண்-பெண் ஜோடியைப் பார்த்தால் எனக்கு ரஷ்யாவின் மோஸ்ஃபிலிம் ஞாபகம் வரும். வேரா முகினா 1937 பாரிஸ் கண்காட்சிக்குச் செய்த தொழிலாளி, கூட்டுப்பண்ணைப் பெண் சிலை. 1947-லிருந்து அதுதான் அவர்கள் லோகோ. அங்கே அரசாங்கத்தின் சின்னம். இங்கே 1958-ல் கட்சி ஆட்சிக்கே வரவில்லை, எதிர்க்கட்சிக் கொடி. சென்சார் வெட்டுகிற வசனத்தைக் கூட இந்தக் கொடி பேசிவிடும். அந்த அளவில் அது ஒரு ஊரைவிடப் பெரிய விலாசம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பம்பாயில் மெஹபூப் கானும் அரிவாள் சுத்தியலை வைத்திருந்தார். கூடவே 'எதிரி எத்தனை கெடுதல் நினைத்தாலும் இறைவன் நினைத்ததே நடக்கும்' என்ற பொருளில் ஒரு உருது ஈரடி ஒலிக்கும். பொதுவுடைமையும் கடவுளும் ஒரே பத்து நொடியில்! ராஜ் கபூர் வழி வேறு. 1949-ல் 'பர்ஸாத்' ஓடியதும், அந்தப் படத்திலேயே அவர் ஒரு கையில் வயலினும் மறு கையில் நர்கிஸுமாக நின்ற காட்சியை எடுத்து ஆர்கே லோகோ ஆக்கிவிட்டார். தன் சொந்தப் படம் கொடுத்த முத்திரை. எனக்குத் தெரிந்து இந்தியாவில் இதைவிட நேர்மையான லோகோ கிடையாது. இந்தப் படம் ஓடியதால்தான் நான் இங்கே நிற்கிறேன் என்கிறது.

விஜயா புரொடக்ஷன்ஸ் கொடியில் அனுமன் இருப்பார், அர்ச்சுனன் தேர்க்கொடி. விஜயன் என்பது அர்ச்சுனன் பெயர், அனுமன் அவன் கொடியில் இருப்பவர். பாரதம் கேட்டு வளர்ந்த ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை.

#9 கன்னங்குறிச்சி_கேமரா

எல்லாருக்கும் நன்றி. படித்துக்கொண்டே இருக்கிறேன். ஒன்று புரிகிறது. வளைவை எங்கள் லோகோவில் வைத்தால், வேறொருவர் கட்டிய வாசலில் நின்று எங்கள் வீடு என்று போட்டோ எடுத்துக்கொள்கிற மாதிரி ஆகிவிடும். அது வேண்டாம்.

சேலத்துச் சத்தமாக ஏதாவது வைக்கலாமா? கொலுசு? வெள்ளிக் கொலுசுக்கு நம்ம ஊர்தானே பெயர் பெற்றது. இருட்டில் கொலுசுச் சத்தம், அப்படியே எழுத்து வருகிறது.

#10 ஏற்காடு_பனி

அண்ணா, வேண்டவே வேண்டாம்ங்க. இருட்டில் கொலுசுச் சத்தம் கேட்டால் தமிழ்நாட்டில் அத்தனை பேரும் பேய்ப்படம் என்று நினைப்பார்கள். உங்கள் அடுத்த படம் அப்பா-பையன் கதை என்று போன வாரம் வேறொரு இழையில் எழுதியிருந்தீர்கள்.

மலையும் வேண்டாம். நான் மேலேதான் இருக்கிறேன். ஏற்காட்டில் டிரோன் வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் பனி விலகி எழுத்து வருகிற மாதிரி ஒன்று செய்துவைத்திருக்கிறார்கள். பகோடா பாயிண்டில் சாயங்காலம் நின்றால் கொசுவைவிட டிரோன் அதிகம்.

#11 மாம்பழம்

மாம்பழம் இருக்கிறது. சொல்லிவைத்தேன்.

#12 குகை_ஆபரேட்டர்

தறியை யாருமே சொல்லவில்லையே. குகை, அம்மாப்பேட்டை, பொன்னம்மாபேட்டை, எந்தச் சந்தில் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது அதுதான். முதலாளி சுந்தரமே நூல் குடும்பத்தில் பிறந்து, ஜவுளி படித்துவிட்டு சினிமாவுக்கு வந்த மனுஷர்.

இன்னொன்றும் இருக்கிறது. புரொஜெக்டரில் ஃபிலிம் ஓடுவதில்லை, விட்டு விட்டு நகர்கிறது. ஒரு கட்டம் வந்து நிற்கும், வெளிச்சம் போகும், மறுபடி இழுக்கும். லூமியேர் சகோதரர்கள் இந்த இழுப்புக்கு வழி கண்டது தையல் மெஷினைப் பார்த்து. துணி நகர்ந்து நிற்கும், ஊசி இறங்கும், மறுபடி நகரும். தறியிலும் அதே கணக்கு, நூலைக் கொண்டு ஓடுகிற நாடா ஒரு தடவை ஓடினால் துணி ஒரு இழை முன்னே வரும். நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது கேபினில் கேட்ட சத்தம் எனக்குப் புதுசாகவே இல்லை. எங்கள் வீட்டில் தறி ஓடியது.

#13 ஃபிரேம்24

ஐயா, இதற்கு மேல் என்ன வேண்டும்! கேமரா, இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சத்தத்தில் ஆரம்பியுங்கள். கருப்புத் திரை, கைத்தறியின் ஒரே ஒரு அடி. அடுத்த அடிக்கு ஒரு இழை. அடிக்க அடிக்க இழை சேர்ந்து எழுத்தாகிறது. எழுத்து முடிந்ததும் சத்தம் நிற்கவேண்டும், மேலே இசை எதுவும் போடாதீர்கள். ஏழு நொடியில் முடியும்.

இரண்டு எச்சரிக்கை. மெல்லிய இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஃபோன் திரையில் அலையடிக்கும், யூடியூப் கம்ப்ரெஷனில் கூழாகிவிடும். நூல் தடிமனாக இருக்கட்டும், எண்ணிக்கை குறைவாக இருக்கட்டும். இரண்டாவது, படம் நொடிக்கு 24 ஃபிரேமில் ஓடுகிறது, அதனால் தறியடிக்கு நடுவே 12 அல்லது 24 ஃபிரேம் இடைவெளி வையுங்கள், சத்தமும் இழையும் ஒரே ஃபிரேமில் விழும். எழுத்தைத் திரையின் நடுவிலேயே வைத்துக்கொண்டால், செல்ஃபோனில் நிமிர்த்திப் பார்க்க வெட்டினாலும் தப்பிக்கும்.

அசல் தறியில் மைக் வைத்துப் பதிவு செய்யுங்கள். சரியாக வரவில்லை என்றால் வேறு கட்டையைத் தட்டிச் சேர்த்துக்கொள்ளலாம், ராங்க் கம்பெனியே செய்தது.

#14 மாம்பழம்

ஏழு நொடி என்பது நல்ல அளவு. இப்போது தியேட்டரில் உட்கார்ந்தால் சிகரெட் எச்சரிக்கை, நன்றி அட்டை, அப்புறம் வழங்குகிறவர், இணைந்து வழங்குகிறவர், வெளியிடுகிறவர் என்று வரிசையாக நாலு லோகோ. ஒவ்வொன்றிலும் கழுகு, சிங்கம், பூமி உருண்டை. பாப்கார்ன் தீர்ந்துவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் பழையபடம்_பைத்தியம் சொல்வது சரி, இவை எதற்கும் விலாசம் கிடையாது.

#15 பழையபடம்_பைத்தியம்

இதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்கிறேன் :)

கேமரா, ஒரு வேண்டுகோள். லோகோவின் அடியில் சின்னதாக 'சேலம்' என்று போடுங்கள். கம்பெனி பெயரை விடச் சின்னதாக இருந்தாலும் போதும்.

#16 குகை_ஆபரேட்டர்

முதல் அடிக்கு முன்னால் ஒரு நொடி சும்மா கருப்பு விடு தம்பி. ஃபைலைத் திறந்ததும் முதல் சத்தத்தை முழுங்கிவிடுகிற பிளேயர்கள் நிறைய. ரீல் போனாலும் தலையைக் கடிக்கிற வியாதி போகவில்லை.

#17 கன்னங்குறிச்சி_கேமரா

முடிவு செய்துவிட்டோம், தறிதான். எடிட்டரும் ஒத்துக்கொண்டான், டெம்ப்ளேட் காசுதான் போச்சு என்கிறான். 'சேலம்' கண்டிப்பாக இருக்கும். கைத்தறி ஓடுகிற வீடு யாருக்காவது தெரியுமா? விசைத்தறி வேண்டாம், அது ஒரே இரைச்சலாகப் பதிவாகிறது, அடி தனியாகக் கேட்கவில்லை.

#18 ஏற்காடு_பனி

அம்மாப்பேட்டையில் எங்கள் பெரியப்பா வீட்டில் பட்டுத்தறி இருக்குங்க அண்ணா. காலையில் சீக்கிரம் போங்க, பத்து மணிக்கு மேல் பக்கத்து வீட்டு விசைத்தறி ஆரம்பித்துவிடும். தனிச்செய்தியில் நம்பர் அனுப்பியிருக்கிறேன். போகும்போது பெரியம்மாவிடம் காபி வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீங்க.